தரைத்தளத்தில் பன்னிரண்டு அறைகள்

பழைய பஸ் டிப்போ இருந்த காலி மனையில் நகராட்சி வீடு கட்டப்போகிறது என்ற செய்தியை அக்காவிடம் கொண்டுவந்தவன் தம்பிதான். பேக்கரியிலிருந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முழங்கை வரைக்கும் மாவு அப்பியிருந்தது.

"அக்கா, மேல ரெண்டு மாடியும் கம்மி வாடகை வீடாம். கீழ பன்னெண்டு ரூம். அது என்னை மாதிரி ஆளுங்களுக்காம். பகல்ல ஒரு நர்ஸ் இருப்பாங்க, ராத்திரிக்கு ஒரு ஆள் இருப்பாராம். சமையல்கட்டு எல்லாருக்கும் பொது. ஆனா ரூம் மட்டும் அவங்கவங்களுக்குத் தனி."

"உன்னை மாதிரின்னா?"

"என்னை மாதிரின்னா என்னை மாதிரிதான்," என்று சிரித்தான். "மாத்திரை போட்டா மனுஷன்."

அக்கா தட்டை எடுத்து வைத்தாள். அவளுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்துக்குள் உட்காரவைக்கும் வேலை. கடையில் அவள் பெயர் 'லென்ஸ் அக்கா'. தம்பிக்குத் தெருவில் 'பன்னுத் தம்பி' என்று பெயர். பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படிக்கும்போது அவன் காதுக்குள் யாரோ பேச ஆரம்பித்தார்கள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மா அதைப் பார்த்துப் பார்த்தே கரைந்து போனாள். அப்போதிருந்து அக்காதான் எல்லாம். காலையிலும் மாலையிலும் மாத்திரையைக் கையில் கொடுத்து, அவன் விழுங்கி நாக்கை நீட்டிக் காட்டிய பிறகுதான் மறுவேலை பார்ப்பாள். படுத்தாலும் ஒரு காது அவன் பக்கமே விழித்திருக்கும். அவன் அறைக் கதவின் உள்தாழ்ப்பாளை என்றோ கழற்றிவிட்டிருந்தாள்.

அந்த வாரமே நகராட்சியின் திட்ட அலுவலர் தெருவுக்கு வந்தார். இளவயதுப் பெண். தோளில் பெரிய பை, கையில் சுருட்டிய வரைபடம். பள்ளிக்கூடத்து ஹாலில் மேசைமேல் அதை விரித்துக் காட்டியபோது பலரும் வாடகை எவ்வளவு, தண்ணீர் வருமா என்று கேட்டார்கள். தம்பி கூட்டம் கலையும் வரை காத்திருந்து அருகில் போனான்.

"மேடம், இந்த ரூமுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

திட்ட அலுவலர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "உள்பக்கம்தான். உங்க ரூம்னா நீங்கதானே தாழ் போடணும்?"

இரண்டடி தள்ளி நின்றிருந்த அக்காவுக்கு யாரோ பளீரென்று கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்தும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

"உனக்கு நான் என்னடா குறை வெச்சேன்?"

"குறைன்னு யார் சொன்னா?"

"பின்ன எதுக்கு வேற வீடு?"

தம்பி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். "எனக்கு நாப்பது வயசு ஆச்சுக்கா," என்றான்.

அடுத்த சில வாரங்கள் அக்கா மனசுக்குள் இரண்டு ஆட்களாக இருந்தாள். அந்தக் கட்டடம் வராமல் போனால் நன்றாயிருக்கும் என்று ஒருத்தி நினைத்தாள். இப்படியும் நினைப்பாளா ஒரு அக்கா என்று இன்னொருத்தி அவளைத் திட்டினாள். தம்பியோ கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்துவிட்டு, மாவு பிசைகிற நேரத்தில் பேக்கரிக்காரரிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். "டேய், நீ பேசறதக் கேட்டு மாவே பொங்குதுடா," என்று பேக்கரிக்காரர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

கூட்டத்தன்று நகராட்சி ஹால் நிரம்பி வழிந்தது. திட்ட அலுவலர் தெர்மாகோலில் செய்த கட்டடத்தை மேசைமேல் வைத்து விளக்கினார். எதிர்ப்பவர்கள் சார்பில் முதலில் எழுந்தவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். தெருவில் நல்லது கெட்டது எல்லாவற்றிலும் முன்னால் நிற்கிற மனிதர். அவர் வீட்டுக்குத் தினமும் பன் போவது தம்பியின் கையால்தான்.

"ஏழைங்களுக்கு வீடு வேணும், அதுல ரெண்டு கருத்து இல்ல," என்றார். "கீழ்த்தளத்தப் பத்தித்தான் பயம். எதிர்லயே பள்ளிக்கூடம். வேற இடம் பாருங்கன்னுதான் கேக்கறோம்."

பிறகு தம்பியைக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையில், தலையைப் படிய வாரி, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு ஒரு வியாதி இருக்கு. மாத்திரை சாப்பிட்டா நல்லா இருக்கேன். சாப்பிடலன்னா நல்லா இருக்க மாட்டேன். காலைல பன்னு போடறது நான்தான். இங்க இருக்கறவங்கள்ல பாதிப்பேர் சாப்பிட்டிருப்பீங்க." ஹாலில் சிரிப்பு எழுந்தது. அது அடங்கும் வரை நின்றான். "எங்க அக்காதான் என்னைப் பாத்துக்கறாங்க. அவங்க அசந்து தூங்கி நான் பாத்ததில்ல. கீழ்த்தளத்துல ரூம் கிடைச்சா நான் தனியா இருந்துப்பேன். எனக்காக மட்டும் கேக்கல. அவங்க தூங்கணும்."

கைதட்டல் எழுந்தது. இத்தனை வருஷமும் அவன் தூங்குகிறான் என்று நினைத்து அக்கா விழித்திருந்தாள். அவனும் அதைப் பார்த்துக்கொண்டேதான் கிடந்திருக்கிறான். அவளுக்குள் இருந்த இரண்டு பேரும் அந்த இடத்திலேயே ஒருத்தியானார்கள்.

ஹெட்மாஸ்டரும் கைதட்டினார். பிறகு எழுந்தார். "இந்தத் தம்பிய நமக்கெல்லாம் தெரியும். தங்கமான பிள்ளை. இவன் ஒருத்தன்னா இந்தக் கூட்டமே தேவையில்ல. மீதிப் பதினோரு பேர் யாரு? அவங்களை நமக்குத் தெரியுமா?"

அக்கா எழுந்து நின்றது அவளுக்கே தெரியாது. பேசப் பெயர்கூடக் கொடுத்திருக்கவில்லை.

"இவனையும் உங்களுக்குத் தெரியாது சார்," என்றாள். "உங்களுக்குத் தெரிஞ்சது பன்னு போடற தம்பி. மாத்திரை நின்னுபோனப்ப இவன் எப்படி இருந்தான்னு எனக்குத்தான் தெரியும். ஒரு தடவ, பட்டப்பகல்ல, வீட்ல இருந்த கண்ணாடி அத்தனையும் உடைச்சான். உள்ள இருந்து யாரோ பாக்கறாங்கன்னு. தடுக்கப் போனேன். இதோ பாருங்க."

புடவைத் தலைப்பை ஒதுக்கிக் கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெளுத்துப்போன தழும்பு. கடையில் லென்ஸ் கிழித்தது என்று சொல்லிவைத்திருந்த தழும்பு.

"அன்னிக்கும் இவன் கெட்டவன் இல்ல சார். பயந்துபோயிருந்தான். பக்கத்துல ஒரு நர்ஸ் இருந்திருந்தா அப்படி ஆகியே இருக்காது. அதுக்குத்தான் சொல்றேன், அந்த ரூமெல்லாம் வேணும்னு."

அவள் சொன்ன கடைசி வார்த்தைகள் யார் காதிலும் ஏறவில்லை. ஹாலில் எல்லோரும் தழும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பிக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திட்ட அலுவலர் முகத்தில் ஈயாடவில்லை.

ஹெட்மாஸ்டர் குரலில் குத்தல் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "அவங்க அக்காவே சொல்றாங்க. நான் இதுக்கு மேல என்ன சொல்றது?"

வீடு திரும்பும்போது தம்பி ஒரு பத்தடி முன்னால் நடந்தான்.

"உனக்காகத்தான்டா பேசினேன்."

"தெரியும்க்கா."

"வாய் தவறிப்போச்சு."

"நீ ஒண்ணும் பொய் சொல்லலையே," என்றான் திரும்பிப் பார்க்காமல்.

மேல்மாடி வீடுகளுக்கு நகர்மன்றம் ஒப்புதல் கொடுத்தது. தரைத்தளத்து அறைகள், பொதுமக்கள் கருத்தை மதித்து, கடைகளாகவும் வண்டி நிறுத்துமிடமாகவும் மாற்றப்பட்டன. அந்தச் செய்தியைச் சொல்லத் திட்ட அலுவலர் கண்ணாடிக் கடைக்கே வந்தார். வெறுங்கையோடு நிற்கச் சங்கடப்பட்டாற்போலத் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, திருகு தளர்ந்திருக்கிறது என்று நீட்டினார்.

"உங்க மேல தப்பே இல்லக்கா. அவங்களுக்கு ஒரு சாக்கு வேணும்னு இருந்தாங்க. உங்ககிட்ட நான் முன்னாடியே பேசியிருக்கணும்."

அக்கா திருகை முடுக்கி, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். "வேற இடத்துல வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

"முயற்சி பண்றேன்," என்றார் அவர். சில மாதங்களில் அவரைக் குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

பேக்கரியில் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். "அந்தப் பையன்தான் இன்னும் மாவு பிசையறானா?" பேக்கரிக்காரர் நல்ல மனிதர், அவனை நிறுத்தவில்லை. ஆனால் கல்லாப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். பன்னுத் தம்பி என்று கூப்பிட்ட வாய்களெல்லாம் இப்போது அவனைக் கண்டால் பேச்சைப் பாதியில் நிறுத்தின. தம்பி எதையும் வீட்டில் சொல்லவில்லை. ஒருநாள் பேக்கரியின் மாவுக் கிடங்குக்கு மேலே இருந்த சின்ன அறையில் தங்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னான்.

"கோபமாடா?"

"கோபம் இல்ல. நர்ஸ் இருக்கற ரூம் கிடைக்கல. நர்ஸ் இல்லாத ரூம் இருக்கு. அவ்வளவுதான்."

அக்கா தடுக்கவில்லை. கூட்டத்தில் அவன் அவளுக்காகக் கேட்டது காதிலேயே இருந்தது. எந்த வாயால் தடுப்பாள்? முதலில் தினமும் சாயங்காலம் மாத்திரையோடு போய் நின்றாள். கொஞ்ச நாளில் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான்: "எல்லாரும் பாக்கறாங்கக்கா. சின்னப்பிள்ளை மாதிரி இருக்கு. நானே போட்டுக்கறேன்."

முதல் வாரம் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்புறம் தூக்கம் வந்தது. வெள்ளம்போல வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் படுத்தவள் விளக்கு வைக்கும் நேரம் தாண்டி எழுந்து, எந்த வேளை என்று புரியாமல் உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்தது. "என்ன லென்ஸ் அக்கா, மாப்பிள்ளை ஏதாச்சும் பாத்து வெச்சுட்டாங்களா?" என்று கடைப்பெண்கள் சீண்டினார்கள். அவர்களோடு சேர்ந்து சினிமாவுக்குக்கூடப் போய்வந்தாள். பின்னால் அந்த நாட்களை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. ஆனால் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

மழைக்காலத்தில் பேக்கரிக்காரர் மனைவிக்கு அறுவை சிகிச்சை. கடையைப் பூட்டிவிட்டு அவர் வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த ஞாயிறு அக்கா போனபோது தம்பி அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தான். மாத்திரை போட்டாயா என்றாள், போட்டேன் என்றான். ஒரு நொடி அலமாரிப் பக்கம் அவள் கை போனது. பிறகு, வேண்டாம், நம்புவோம் என்று கையை இழுத்துக்கொண்டாள்.

பேக்கரிக்காரர் திரும்பி வந்து பார்த்தபோது அறை திறந்து கிடந்தது. மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருந்தன. ஆள் இல்லை.

அக்கா போலீஸ் ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி என்று அலைந்தாள். ஹெட்மாஸ்டர் தானாகவே வந்து சேர்ந்துகொண்டார். தம்பியின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, மழைச் சேற்றில், ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். ஒருநாள் நடக்க முடியாமல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்படி ஆகும்னு நான் நினைக்கலம்மா."

அவரைத் திட்ட வேண்டும் என்று அவள் எத்தனையோ நாள் மனசுக்குள் வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். "தண்ணி குடிங்க சார்," என்று பாட்டிலை நீட்டினாள்.

மழைக்காலம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் தொலைபேசி வந்தது. ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்ய வேண்டிய ஓர் ஊரிலிருந்து ஒரு பெண் பேசினாள். "உங்க தம்பி எங்ககிட்ட இருக்கார். கொஞ்ச நாளாத்தான் பேரு, ஊரு சொல்றார். பயப்படாதீங்க, நல்லா இருக்கார்."

அக்கா போய் இறங்கிய இடத்தில் ஒரு மூன்றுமாடிக் கட்டடம் இருந்தது. மேல்மாடிகளில் குடும்பங்கள், கொடியில் துணி காய்ந்தது. கீழே நடைபாதை, இருபக்கமும் அறைகள், கோடியில் ஒரு சமையல்கட்டு, அதையொட்டி நர்ஸின் மேசை. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர்களுடைய ஊரில் தெர்மாகோலில் நின்றது இங்கே செங்கல்லில் நின்றது. அந்த ஊர் நகராட்சி எப்போதோ கட்டியதாம்.

தம்பி இளைத்திருந்தான். பாதத்தில் ஒரு புண் ஆறி வந்துகொண்டிருந்தது. ஆனால் கண் தெளிவாக இருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவனுக்குப் பழைய குறும்பு வந்துவிட்டது.

"அக்கா, வெளிய போய்த் தட்டிட்டு வா."

அவள் வெளியே போனாள். உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது. தட்டினாள்.

"யாரு?"

"நான்தான்டா."

"நான்தான்னா?"

"அக்கா."

கதவு திறந்தது. "வாங்க, உள்ள வாங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். பொதுச் சமையல்கட்டுக்குப் போய் அவனே டீ போட்டுக்கொண்டு வந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் தன் தம்பி வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்தாள்.

தொலைபேசியில் பேசியவள்தான் வார்டன். அக்காவை ஆபீஸ் அறைக்குள் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள்.

"எப்பக் கூட்டிட்டுப் போறீங்க?"

"இங்கயே இருக்கட்டுமே. நல்லா இருக்கானே."

"இருக்கார்க்கா. நான் மறுக்கல. ஆனா இது இந்த ஊர்க்காரங்களுக்குக் கட்டினது. இந்த நகராட்சி எல்லைக்குள்ள மூணு வருஷம் குடியிருந்தவங்களுக்குத்தான் ரூம். வழிதவறி வந்தவங்களச் சொந்தக்காரங்க கிடைக்கற வரைக்கும் வெச்சுக்கலாம். கிடைச்சுட்டா ஒப்படைச்சுடணும். வெளிய இந்த ஊர் ஆளுங்க எத்தனை பேர் காத்திருக்காங்க தெரியுமா?"

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் கிடைக்கலன்னு வெச்சுக்குங்களேன்."

வார்டனுக்கும் கண் கலங்கிவிட்டது. "எதிர்ல வந்து உக்காந்திருக்கீங்களேக்கா."

தம்பியிடம் அக்காதான் சொன்னாள். அவன் வாதாடவில்லை. "எப்ப?" என்றான். "நாளைக்கு," என்றாள். மறுநாள் காலை, வரப்போகிறவருக்காக அறையைத் தண்ணீர் ஊற்றித் துடைத்து, படுக்கை விரிப்பை உதறி மடித்து வைத்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மாத்திரை நேரம் வந்ததும் அவளிடம் தானாகக் கையை நீட்டினான். விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டினான். அக்கா முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஊருக்கு வந்தவள் பத்து நாள் யோசித்தாள். பிறகு கண்ணாடிக் கடை முதலாளியிடம் வேலையை விடுவதாகச் சொன்னாள். "இந்த வயசுல எங்கம்மா போய் வேலை தேடுவ?" என்று அவர் பதறினார். வீட்டைக் காலி செய்யும் அன்று ஹெட்மாஸ்டர் வந்து ஒரு ஓரமாக நின்றார். பாத்திரங்கள் கட்டிய சாக்கைத் தூக்க ஒரு கை கொடுத்தார். பேக்கரிக்காரர் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

தம்பி இருந்த கட்டடத்து ஊரிலேயே, மூன்று வருஷக் கணக்கு ஓட ஆரம்பிக்கட்டும் என்று, ஓர் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்தாள். லென்ஸ் வேலை கிடைக்கவில்லை. ஒரு கண்ணாடிக் கடையில் கூட்டித் துடைத்து, வருகிறவர்களுக்குச் சட்டங்களை எடுத்துக்காட்டும் வேலை கிடைத்தது. தம்பி பகலில் அந்தக் கட்டடத்துச் சமையல்கட்டில் ரொட்டி போடப் போனான். அதற்கு வார்டன் எப்படியோ அனுமதி வாங்கிக் கொடுத்தாள். சாயங்காலம் அங்கேயே நின்று தான் இருந்த அறையின் ஜன்னலைப் பார்த்துவிட்டு வருவான். அங்கே இப்போது வேறு யாரோ சட்டை காயப்போட்டிருந்தார்கள்.

"அவரு ரொம்ப அமைதியான ஆளுக்கா," என்று ஒருநாள் சொன்னான். "அவருக்கு அக்கா யாரும் இல்லையாம்."

ஒற்றை அறையில் அவன் கட்டில் இந்தச் சுவரோரம், அவள் பாய் அந்தச் சுவரோரம். படுத்தாலும் அவள் காது பழையபடி அவன் பக்கமே விழித்திருந்தது.

முதல் வருஷம் இப்படியே போயிற்று. இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் வார்டன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். வெளியூர்க்காரர்கள் வந்து குவிகிறார்கள் என்று மக்கள் முறையிட்டிருக்கிறார்கள். கூட்டம் போட்டு, மூன்று வருஷம் என்றிருந்ததை ஐந்தாக்கிவிட்டார்கள்.

அக்கா வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சமைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். தம்பி தட்டுகளைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டான்:

"இன்னும் எவ்வளவு நாள்க்கா இருக்கு?"

"கொஞ்ச நாள்தான்டா," என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு அடுத்த தட்டை எடுத்தான்.